மேல்வீட்டு ஒயினும் கீழ்வீட்டுச் சாம்பாரும்

சிட்னிக்கு வந்த முதல் ஒன்றரை வருஷத்தில் எங்களை இரண்டு வீடுகளிலிருந்து காலி பண்ணச் சொன்னார்கள். இரண்டுக்கும் காரணம் சாம்பார். முதல் வீட்டுக்காரி நேரடியாகவே சொன்னாள், திரைச்சீலையெல்லாம் நாறுகிறது என்று. இரண்டாவது வீட்டின் சொந்தக்காரர் நாகரிகமான மனிதர். எங்கள் சமையல் தன் நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அந்த நாய் தினமும் பதினொரு மணிக்கு எங்கள் சமையலறை வாசலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் கணவர் என்ஜினியர். பாலம் விழாமல் இருக்கக் கணக்குப் போடுவது அவருடைய வேலை. வீட்டில் ஒன்று விழுந்தால் அது நிற்க அவரிடம் கணக்குக் கிடையாது. இரண்டாவது வீட்டைக் காலி செய்கிற அன்று பெட்டி கட்டிக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பெருங்காயத்தை மட்டும் விட்டுடேன். மத்ததெல்லாம் போடு."

"பெருங்காயம் போடாத சாம்பாருக்குப் பேரு பருப்புத் தண்ணி. அதைக் குடிக்கவா கடல் தாண்டி வந்தோம்?" என்றேன்.

உண்மையில் அந்தச் சாம்பாரே அரைக்கிணறு தாண்டிய சாம்பார்தான். துவரம்பருப்பு கிடைக்காது, கடையில் விற்கிற மஞ்சள் பட்டாணிப் பருப்பைப் போட வேண்டும். சின்ன வெங்காயத்துக்குப் பதில் ஊறுகாய் போடுகிற குட்டி வெங்காயம். புளி, நகரத்துக்குப் போய்ச் சீனக் கடையில் வாங்கி வருவது. ஊரிலிருந்து சேலை மடிப்புக்குள் பொதிந்து கொண்டுவந்த பெருங்காய டப்பா ஒன்றுதான் அதில் அசல். அதையும் விட்டுவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

மூன்றாவது வீடு ஸ்ட்ராத்ஃபீல்டில் கிடைத்தது. சரிவில் கட்டிய பழைய செங்கல் வீடு. மேலே சொந்தக்காரர் இருந்தார். கீழே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எங்களுக்கு. வீடு பார்க்கப் போன அன்று நான் ஒரு காரியம் செய்தேன். பெருங்காய டப்பாவின் மூடியைத் திறந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். முகம் சுளிக்கிறவர் இன்றைக்கே சுளித்துவிடட்டும், பெட்டியைப் பிரித்த பிறகு வேண்டாம் என்பது என் கணக்கு. ரயிலில் எங்கள் பக்கத்து இருக்கையில் இருந்தவர் இரண்டாவது ஸ்டேஷனிலேயே எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

சொந்தக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பல் வைத்தியர். மனைவி இறந்து நாலு வருஷம். அந்த ஊரில் பல் வைத்தியரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மனசு வரவில்லை, டாக்டர் என்றே கூப்பிட்டேன். அவர் என்னைக் கடைசிவரை மிஸஸ் என்றார். என் கைப்பைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "இந்தப் பக்கத்துக் காற்றே தனி" என்றார். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கே முன்பணம் கொடுத்தோம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கியது.

நாலு மாதம் நான் ராணி மாதிரி சமைத்தேன். ரசம், வற்றல் குழம்பு, வெங்காய சாம்பார். படியில் எதிர்ப்பட்டால் டாக்டர் சிரிப்பார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டாக்டருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஒயின். அதிலும் பிரெஞ்சு வெள்ளை ஒயின். எங்கள் சமையலறைக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடுப்புக்கு அந்தப்புறம், வெயிலே படாத அறை ஒன்றில் பாட்டில்களைப் படுக்க வைத்திருந்தார். அவற்றில் அடித்தட்டில் மிச்சமிருந்த நாலைந்து பாட்டில்களுக்குத் தனி மரியாதை. பிரான்சில் பர்கண்டி என்கிற பக்கத்தில் கல் சுவர் கட்டிய ஒரு சின்னத் தோட்டத்து ஒயின் அது. ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்வதாம். டாக்டரும் மனைவியும் ஒரு தடவை அங்கே போயிருக்கிறார்கள். தோட்டத்துக்கார அம்மாள் அவர்களை நிலவறைக்குள் கூட்டிப்போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்தாளாம். ஆளுக்கு ஒரு வாய் குடித்ததும், கையில் இருந்த பணத்தையெல்லாம் கொடுத்து ஒரு டஜன் வாங்கிக் கப்பலில் அனுப்பிவிட்டு, ஊர் திரும்பும்வரை ரொட்டியும் ஆப்பிளும் தின்றார்களாம். இதைச் சொல்லும்போது டாக்டர் பல் வைத்தியர் மாதிரியே இருக்க மாட்டார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவருடைய ஒயின் நண்பர்கள் ஐந்து பேர் வருவார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து, ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, ஒவ்வொருவரும் ஏதாவது சொல்ல வேண்டும். கடைசித் தீர்ப்பு டாக்டருடையது. அந்தக் கூட்டத்திலேயே பெரிய மூக்கு அவருக்குத்தான் என்று பெயர். அந்தப் பெயர்மேல் ரிட்டையரான வக்கீல் ஒருவருக்குக் கண். வெள்ளை மீசை வைத்திருப்பார். டாக்டர் தீர்ப்புச் சொன்னதும் அவர் மட்டும் கண்ணாடி டம்ளரை இன்னொரு தடவை முகர்வார், அப்பீல் கோர்ட்டுக்குப் போகிற மாதிரி.

ஒரு பொழுதைப் போக்குவதற்கு ஆறு பேர் இத்தனை தீவிரமாக முகர வேண்டுமா என்று கீழே இருந்து கேட்டுக்கொண்டு நான் சிரிப்பேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்த விஷயத்தில் நான்தான் கழுதை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு ஐந்தாம் மாதம். மூக்கு ஏற்கெனவே கூர்மை. மசக்கையில் அது இன்னும் மோசமாகியிருந்தது. தெருக்கோடியில் யாராவது ஆரஞ்சு உரித்தால் எனக்குத் தெரியும். ஒரு நாள் காலை கணவர் வேலைக்குப் போன பிறகு கேஸ் நாற்றம் அடித்தது. என் அடுப்பு அணைந்திருந்தது. நாற்றம் மேலேயிருந்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினேன். டாக்டர் சமையலறை மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அடுப்பு பற்றாமலே கேஸ் சீறிக்கொண்டிருந்தது. வாயில் பைப். கையில் தீக்குச்சி.

நான் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன். வாழ்க்கையில் அந்நிய ஆண் ஒருவர் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. அடுப்பைத் திருகி மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுக் கத்தினேன்.

"உங்களுக்கு நாத்தம் தெரியலையா டாக்டர்?"

அவர் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இல்ல மிஸஸ். மூணு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது. ஒரு குளிர்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, கூடவே மூக்கும் போச்சு."

"அப்ப மாசாமாசம் முகர்ந்து முகர்ந்து சொல்றீங்களே?"

"லேபிளைப் பார்த்தா பாதி தெரியும். பழைய நோட்டுப் புத்தகத்துல எழுதி வெச்சிருக்கேன். வாயில வெச்சா புளிப்பு தெரியும், இனிப்பு தெரியும். மீதியெல்லாம் ஞாபகம்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இந்த மனிதர் மூன்று வருஷமாகச் செய்திருக்கிறார். சொல்லிவிட்டால்தான் என்ன என்று கேட்டேன். அவர் மேஜைத் துணியைத் தடவிக்கொண்டே சொன்னார், மனைவி போன பிறகு இந்த வீட்டுக்கு மனிதர்கள் வருவது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என்று. மூக்கு இல்லை என்று தெரிந்தால் கூட்டம் வக்கீல் வீட்டுக்கு மாறிவிடும். இவரையும் கூப்பிடுவார்கள்தான், பரிதாபப்பட்டு. அந்தப் பரிதாபத்தை நினைத்தால்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

கீழே வந்து அடுப்பைப் பற்ற வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் இவர் எங்கள் சாம்பாரைப் பொறுத்துக்கொள்ளவே இல்லை. அது அவருக்குத் தெரியவே தெரியாது. நான் கண் கலங்கினதெல்லாம் வீண். சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. அவருக்கோ பரம சந்தோஷம்.

"மூக்கில்லாத வீட்டுச் சொந்தக்காரன்! இதைவிட நல்ல ஆளு எங்கே கிடைப்பான்? வெளியில மூச்சு விடாதே."

மறுவாரம் டாக்டர் கீழே இறங்கி வந்து ஓர் உதவி கேட்டார். கூட்டத்துக்கு முன்னால் தன்னுடைய பாட்டிலை நான் முகர்ந்து சொல்ல வேண்டும். குடிக்க வேண்டாம். முகர்ந்தால் போதும். மற்றவர்கள் கொண்டுவருவதை அவர் எப்படியோ சமாளித்துக்கொள்வார்.

எங்கள் வீட்டில் மதுவின் நிழல்கூடப் பட்டதில்லை. ஆனால் முகர்ந்து சொல்வது எனக்குப் புதிதல்ல. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. ஒரு துளியை நாக்கில் வைத்தால் பாத்திரம் முழுக்க எச்சில். உப்பு போதுமா, புளி பச்சை வாசனை போனதா, எல்லாவற்றையும் கொதிக்கிற ஆவியிலேயே கண்டுபிடிக்க வேண்டும். உப்புக் குறைந்தால் ஆவி ஒரு மாதிரி மொட்டையாக இருக்கும். முதல் வருஷம் இருபது பேருக்குச் சமைத்து இருபது பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றுக்கொண்ட வித்தை அது. இருந்தாலும் பிள்ளைத்தாச்சிப் பெண் மதுவை முகரலாமா என்று சந்தேகம். அடுத்த தெருவில் யாழ்ப்பாணத்து நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார். யாரோ ஒருத்திக்கு நடந்த மாதிரி சொல்லி, அவரிடம் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஓம், மணந்து பாக்கிறதிலை என்ன கிடக்கு? குடிச்சால்தான் குடி. அந்த ஆருக்கோ சொல்லுங்கோ, பயப்பிட வேண்டாமெண்டு. போட்டு வாறன், எனக்கு டியூட்டி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முதல் ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு டாக்டர் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தக் கல் சுவர்த் தோட்டத்து ஒயின் இரண்டு விரல் கொண்டுவந்து என் சமையலறை மேஜையில் வைத்தார். கொஞ்சம் மஞ்சள் பாரித்த தண்ணீர் மாதிரி இருந்தது. முகர்ந்தேன்.

"ஃபிரிட்ஜ் வாசனை."

அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் ரோஷம் வந்தது. சில்லென்று இருக்கிற மோரில் பெருங்காயம் தெரியுமா என்ன? டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, குளிர் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ஒரு சுழற்று. அப்போது வந்தது வாசனை. எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறின மாதிரி முதலில். அது போனதும் வறுத்த முந்திரி. அதற்கும் அடியில் நெய் உருக்கின வாணலியில் ஒட்டியிருக்கும் கசண்டு. கடைசியாக, மாங்காய்க் காம்பை ஒடித்ததும் சுரீர் என்று வருகிற பால்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அசந்துபோனேன். திராட்சையைத் தவிர எல்லா வாசனையும் ஒரு திராட்சைச் சாற்றுக்குள் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ வரிசையில் நிற்க வைத்து அனுப்பின மாதிரி வந்தது. கல் சுவருக்குள் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிறவர்களுக்குக் கைமணம் இருக்கிறது என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் வேகமாக எழுதினார். நெய்க் கசண்டை விளக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. வாணலியையே கொண்டுவந்து காட்டினேன்.

இரண்டரை மணிக்கு மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. மாங்காய்க் காம்புப் பால் என்று எவனும் இதுவரை சொன்னதில்லையாம். வக்கீல் மட்டும் வாயைத் திறக்கவில்லையாம். அடுத்த மாதம் அவரே வேறொரு ஒயினை முகர்ந்துவிட்டு, மாங்காய்க் காம்புப் பால் தனக்கும் தெரிவதாகச் சொன்னார் என்று டாக்டர் வந்து சொன்னார். அந்த மனிதர் மாமரத்தை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. முகர்வதோடு கூட்டத்துக்கு மசால் வடையும் சுட்டு அனுப்ப ஆரம்பித்தேன். வீட்டில் எனக்குத் தனி மதிப்பு வந்தது. கணவர்கூடக் காபியை நீட்டி, "இதுல என்னென்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்பார். "பால் இருக்கு, சர்க்கரை இருக்கு, நீங்க கழுவாம வெச்ச டம்ளர் இருக்கு" என்பேன்.

எட்டாம் மாதம் வந்தது. கல் சுவர்த் தோட்டத்து ஒயினில் இரண்டே பாட்டில்தான் மிச்சம். டாக்டர் அவற்றைத் தொடுவதாக இல்லை. வக்கீல்தான் விடவில்லை. ஒயின் குடிப்பதற்கா, அருங்காட்சியகத்தில் வைப்பதற்கா என்று குத்திக் குத்தி, ஒன்றைத் திறக்கச் சம்மதிக்க வைத்துவிட்டார். அந்த ஞாயிறு டாக்டர் டை கட்டிக்கொண்டு டம்ளரோடு கீழே வந்தார்.

முகர்ந்தேன். எலுமிச்சந்தோல் இல்லை, முந்திரி இல்லை. ஆனால் வேறு ஒன்று வந்தது பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. என் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் அரிசி மண்டி. ஐப்பசி மழையில் வண்டியிலிருந்து இறக்குகிற மூட்டைகள் நனைந்து, மண்டி முழுக்க ஈரச் சாக்கு வாசனை வீசும். அதே வாசனை. எனக்கு அதைவிட ஒசத்தியான வாசனை உலகத்தில் கிடையாது. ஆனால் டாக்டர் டை கட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறார். மனைவியோடு வாங்கின ஒயின். பெரிய இடத்து ஒயினைப் போய்ச் சாக்கு என்று சொல்வதா? பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் சாக்கு மாதிரி இருக்கிறாள் என்று யாராவது சொல்வார்களா? மரியாதையாகச் சொன்னேன்.

"காய்ஞ்ச மண்ணுல முதல் மழை விழுந்த வாசனை டாக்டர். எங்க அப்பா கடை வாசனை. ரொம்ப நல்லா இருக்கு."

அவர் கண் பளபளத்தது. எழுதிக்கொண்டு போனார்.

இரண்டரை மணிக்கு வடைத் தட்டோடு பின்பக்கப் படியில் மூச்சு வாங்க ஏறினேன். கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் எழுந்து நின்று, காய்ந்த மண், முதல் மழை, தகப்பன் கடை என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். மற்றவர்கள் அருமை, அருமை என்று தலையாட்டினார்கள். வக்கீல் டம்ளரை மேஜையில் வைத்த சத்தம் படிக்குக் கேட்டது.

"கார்க் கெட்டுப்போன ஒயின் இது. ஈரச் சாக்கு நாத்தம். இதைக் குழந்தைகூடச் சொல்லும்."

எல்லோரும் இன்னொரு தடவை முகர்ந்தார்கள். அருமை என்று சொன்ன அத்தனை பேரும் ஆமாம், சாக்குதான் என்றார்கள். பாட்டிலை அடைக்கிற கார்க் தக்கை கெட்டால் ஒயினில் வருகிற வாசனையே ஈரச் சாக்குதானாம். ஒயின் குடிக்கிறவர்களுக்கு அதுதான் பால பாடமாம். நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் டாக்டர் அந்த நிமிஷமே பாட்டிலை ஒதுக்கி வைத்திருப்பார். என் மரியாதை அவர் மானத்தை வாங்கிவிட்டது.

டாக்டர் நின்றபடியே இருந்தார். வக்கீலின் குரல் இப்போது இரக்கமாக மாறியது.

"உன்மேல தப்பில்லைப்பா. கீழேயிருந்து வருதே ஒரு நாத்தம், அதுல எந்த மூக்குதான் பொழைக்கும்? படியேறும்போதே எனக்குக் கண் எரியுது. அவங்களைக் காலி பண்ணச் சொல்லு. ரெண்டு மாசத்துல உன் மூக்கு திரும்பி வந்துடும்."

அதுதானே, நாங்களே சொல்லணும்னு இருந்தோம் என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தட்டு என் கையில் கனத்தது. மூன்றாவது வீடு. எட்டு மாத வயிற்றோடு மறுபடி பெட்டி கட்ட வேண்டும், தெருத் தெருவாகக் கைப்பைக்குள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அலைய வேண்டும். டாக்டருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூக்கின் பெயர் நிலைக்கும், கூட்டம் நிலைக்கும், மூன்று வருஷத்துப் பூசணிக்காயும் சோற்றுக்குள்ளேயே இருக்கும். உண்மையைச் சொன்னால், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவங்க சமையல் எப்படி மணக்கும்னு எனக்குத் தெரியாது. இந்த ஒயின் எப்படி மணக்குதுன்னும் தெரியாது. மூணு வருஷமா எனக்கு மூக்கே கிடையாது. நீங்க மூணு மாசமா கை தட்டினீங்களே, அதெல்லாம் கீழ்வீட்டு அம்மாவுக்கு. அவங்க ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்லை. அவங்க இங்கேதான் இருப்பாங்க."

அதற்குமேல் நான் படியில் நிற்க முடியவில்லை. காலால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வயிறு முன்னால், வடை அதற்கு முன்னால்.

"தப்பு என்னோடது. எனக்குச் சாக்கு வாசனைதான் வந்துச்சு. பெரிய ஒயினாச்சேன்னு சொல்ல வெட்கப்பட்டேன். எங்க அப்பாவுக்கு அரிசி மண்டி. எனக்கு அது நல்ல வாசனை" என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கண்ணிலிருந்து தண்ணீர் வேறு வந்துகொண்டிருந்தது.

ஆறு ஆண்களும் ஒரு கர்ப்பிணியும் ஒரு தட்டு வடையும். நான் தட்டை மேஜையில் வைத்தேன். பிறகு வக்கீல் கேட்டார், கோர்ட்டில் கேட்கிற மாதிரியே.

"மாங்காய்க் காம்புப் பால் சொன்னதும் நீங்கதானா?"

"ஆமா."

"அது நிஜமாவே அந்த ஒயின்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு. நீங்க அப்புறம் வேறொண்ணுல சொன்னீங்களே, அதுல இருந்திருக்காது."

முதலில் சிரித்தது டாக்டர்தான். அப்புறம் எல்லோரும். வக்கீல் மீசையைத் துடைத்துக்கொண்டு தானும் சிரித்தார். டாக்டர் எழுந்து கீழே போய்க் கடைசி பாட்டிலை எடுத்து வந்தார். வேண்டாம் டாக்டர், வெச்சுக்குங்க என்றேன். யாருக்கு வெச்சுக்கிறது என்று கேட்டுக்கொண்டே திறந்து, முதல் டம்ளரை என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் குளிர் போகக் காத்திருந்தேன். ஐந்து பேரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்கு இல்லை. எலுமிச்சந்தோல் இருக்கு. முந்திரி இருக்கு. இந்தத் தடவை கொஞ்சம் தேன் வந்திருக்கு டாக்டர். வயசானதால இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். புளிப்பும் இனிப்பும் நாக்கில், மீதி ஞாபகத்தில். அன்றைக்கு என் வார்த்தைகளும் அதோடு சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கூட்டம் எங்கேயும் மாறவில்லை. அடுத்த முதல் ஞாயிறும் இரண்டு மணிக்கு வந்தார்கள். வக்கீல் கீழே இறங்கி வந்து பெருங்காய டப்பாவைக் காட்டச் சொன்னார். திறந்து கொடுத்தேன். ஒரு தடவை முகர்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இதைவிட மோசமாக நாறுகிற பிரெஞ்சுப் பாலாடைக் கட்டிக்கு நான் காசு கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே போனார். வடையில் இரண்டு குறைந்திருந்தது.

முந்தைய இரண்டு வீட்டுக்காரர்கள் முகர்ந்து பார்த்து எங்களை அனுப்பினார்கள். இவர் முகரத் தெரியாமல் எங்களை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் மனசுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம், டாக்டர் உண்மையைச் சொன்ன அன்றோடு போயிற்று. அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தோம்.

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று டாக்டர் பார்க்க வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பல் பிடுங்கும்போதுகூட அத்தனை ஜாக்கிரதையாக இருந்திருக்க மாட்டார், அப்படிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். நர்ஸ் அக்கா, கணவர், நான், எல்லோரும் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் குனிந்து மூக்கை வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லு மிஸஸ். மரியாதையெல்லாம் வேண்டாம். இருக்கிறதைச் சொல்லு."

நான் மகளின் தலையில் மூக்கை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். வெளியே ஒரு வாரமாக மழை. துணி எதுவும் சரியாகக் காயவில்லை.

"பால் இருக்கு டாக்டர். உருக்கின நெய் இருக்கு. அடியில கொஞ்சம்..." என்று இழுத்தேன். "கொஞ்சம் ஈரச் சாக்கு."

டாக்டர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். குழந்தை முழித்துக்கொண்டது.

"அப்ப இது கார்க் கெட்டுப்போனது. கடைக்காரன்கிட்டே திருப்பிக் கொடுக்க வேண்டியது" என்றார். பிறகு அவளை இன்னும் கொஞ்சம் கிட்டே அணைத்துக்கொண்டு சொன்னார், "ஆனா நான் கொடுக்க மாட்டேன்."